ஜூன் மாதத்து ஓட்டு

நியூ ஜெர்சியில் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் சாம்பிள் பேலட் என்று ஒரு மாதிரி வாக்குச்சீட்டு வீட்டுக்குத் தபாலில் வரும். 2023 ஜூனில் கட்சிக்குள் நடந்த பிரைமரித் தேர்தலுக்கு வந்ததை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாலாக மடித்த பெரிய தாள். சாப்பாட்டு மேஜையில் விரித்ததும் தட்டு வைக்க இடமில்லை. அன்று நான் அதில் தேடியது ஒரே ஒரு பெயரைத்தான்.

அது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண்மணியின் பெயர். 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி ராத்திரி ஐடா புயலின் மிச்ச மழை எங்கள் மாநிலத்தின் மேல் கொட்டித் தீர்த்தது. நியூ ஜெர்சியில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். எங்கள் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போனதால், தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்றுவிட்டது. நானும் கணவரும் பக்கெட்டால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தபோது, டார்ச் லைட்டோடு வீடு வீடாகப் போய் "எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்டவர் அவர். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், மாதம் தவறாமல் டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்துக்குப் போய், எந்தத் தெருவில் எந்த வடிகால் அடைத்திருக்கிறது என்று வரைபடத்தோடு பேசினார். பேச ஒவ்வொருவருக்கும் சில நிமிஷம்தான் தருவார்கள். கேட்டுக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

கடைசியில் அவரே கவுன்சிலுக்கு நிற்பதென்று முடிவு செய்தார். எங்கள் ஊரில் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் இன்னொரு கட்சி இதையே செய்யும் ஊர்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் நவம்பர் தேர்தல் ஒரு சம்பிரதாயம். உண்மையான போட்டி ஜூனில், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் முடிந்துவிடும். அதனால் அவரும் அந்தக் கட்சியின் பிரைமரியில்தான் நின்றார். அவருக்கு ஓட்டுப் போடுவதற்காகவே நான் முதல்முறையாக ஒரு கட்சியில் பெயர் பதிந்துகொண்டேன்.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன். இடது ஓரத்தில் பதவிகளின் பெயர்கள், மேலிருந்து கீழாக. மாநில செனட்டர், சட்டமன்றத்துக்கு இரண்டு பேர், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பதவிகள், அப்புறம் எங்கள் ஊர் கவுன்சில், கடைசியாகக் கவுண்டி கமிட்டி. அதற்கடுத்த பத்தியில் தலையிலிருந்து கால்வரை பெயர்கள் நிரம்பியிருந்தன. ஒரு கட்டம் காலியில்லை. எல்லாப் பெயருக்கும் கீழே ஒரே வாசகம். பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் கட்சி, அதுதான் வாக்குச்சீட்டு.

"அவங்க பேரு இதுல இல்லையேம்மா" என்றார் கணவர்.

இருந்தது. நாலு பத்தி தள்ளி வலது ஓரத்தில், மேலே வரிசையாக வெறும் வெள்ளைக் கட்டங்கள், அதற்கடியில் அவர் பெயர் மட்டும். கூட யாருமில்லை. விரலை வைத்து ஒவ்வொரு பத்தியாக நகர்த்தித்தான் கண்டுபிடித்தேன். தேடியே தீரவேண்டும் என்று உட்கார்ந்த எனக்கே அவ்வளவு நேரம் ஆனதென்றால், வேலைக்குப் போகிற அவசரத்தில் சாவடிக்குள் வருகிறவர் என்ன செய்வார்?

முதல் பத்தியில் நிறைந்திருந்த அந்த வரிசைக்குப் பெயர் கவுண்டி லைன். கவுண்டி அளவில் கட்சி யாரை ஆதரிக்கிறதோ அவர்களை எல்லாப் பதவிக்கும் சேர்த்து ஒரே வரிசையில் அச்சடிப்பார்கள். சில கவுண்டிகளில் மாநாடு கூட்டி முடிவெடுப்பார்கள். சிலவற்றில் தலைவர் ஒருவர் சொன்னால் முடிந்தது. நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளில் 19-ல் இந்தப் பழக்கம் இருந்தது. வேறு எந்த மாநிலமும் பிரைமரி வாக்குச்சீட்டை இப்படி அச்சடிக்கவில்லை. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தத் தாளைப் பார்க்கும்வரை எனக்கு இது தெரியாது.

அவர் தோற்றார். நல்ல வித்தியாசத்தில்.

அந்த ராத்திரி எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. 2018-ல் குடியுரிமை வாங்கி வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. வெளியே வந்ததும் வாக்காளர் பதிவுப் படிவம் கொடுத்தார்கள்; காரில் உட்கார்ந்தே நிரப்பினேன். கட்சிக்கான இடத்தில் எதையும் குறிக்கவில்லை. இரண்டு கட்சி மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை, நான் யாருக்கும் அடிமையில்லை என்ற நினைப்பு. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, ஜூன் மாதம் ஒன்று இருக்கிறது என்பதையே ஐந்து வருஷம் மறந்துபோனேன். நவம்பர் வரும்போதெல்லாம் "இவரும் வேண்டாம், அவரும் வேண்டாம், வேறு ஆளே இல்லையா?" என்று கேட்பேன். அந்த ஆட்களை எல்லாம் ஜூனிலேயே கழித்துவிட்டார்கள். அங்கே நான் இல்லை.

இதை எழுதுவதே இதற்காகத்தான். என்னைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் பலர் இதே நிலையில் இருக்கிறார்கள். 2024-ல் பைடனும் ட்ரம்பும் மறுபடி மோதப்போகிறார்கள் என்று ஆனபோது, பொங்கல் விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் கேட்ட பேச்செல்லாம் ஒன்றுதான். "இந்த நாட்டுல இத்தனை கோடிப் பேர்ல இவங்க ரெண்டு பேர்தானா?" நம்மவர்கள் மட்டுமல்ல. காலப் நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில் தன்னை எந்தக் கட்சியோடும் சேர்த்துச் சொல்லாதவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். மூன்றாவதாக ஒரு பெரிய கட்சி வேண்டும் என்று 2023-ல் சொன்னவர்கள் நூற்றுக்கு 63 பேர். இவ்வளவு பேர் கேட்டும் ஏன் வரவில்லை?

எனக்கு இது புரிய நம் ஊர்த் தேர்தல்தான் உதவியது. தமிழ்நாட்டிலும் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற இதே முறைதான். ஆனாலும் அங்கே சின்னக் கட்சிகள் பிழைத்துக் கிடக்கின்றன. காரணம் கூட்டணி. நாலு மாவட்டத்தில் மட்டும் செல்வாக்குள்ள கட்சியும் தேர்தலுக்கு முன்னால் பேரம் பேசி நாலு தொகுதி வாங்கி, தன் சின்னத்தில் நிற்கலாம். இங்கே அந்தப் பேரம் கட்சிகளுக்கு நடுவில் நடப்பதில்லை, கட்சிக்குள்ளேயே நடக்கிறது. தொழிற்சங்கக்காரர், சுற்றுச்சூழல்காரர், வரி குறைக்கச் சொல்கிறவர் எல்லோரும் ஏதாவது ஒரு பெரிய குடைக்குள் நின்றுகொண்டு இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையின் பெயர்தான் பிரைமரி. நம் ஊரில் தொகுதிப் பங்கீடு நடக்கும்போது டீக்கடையில் எவ்வளவு கவனமாகப் பேப்பர் படிப்போம்! இங்கே அதற்குச் சமமான நேரத்தில் நாம் கோடை விடுமுறைக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கூட்டணி மாதிரி ஒன்று இங்கேயும் ஒரு காலத்தில் இருந்தது. ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம். இரண்டு இடத்திலும் விழும் ஓட்டைக் கூட்டிக்கொள்வார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இன்றைக்கும் அப்படித்தான். வொர்க்கிங் ஃபேமிலீஸ் என்றும் கன்சர்வேடிவ் என்றும் சின்னக் கட்சிகள் அங்கே பிழைத்திருப்பது இதனால்தான். நியூ ஜெர்சியில் நூறு வருஷமாக இதற்குத் தடை. 2022-ல் மாடரேட் பார்ட்டி என்ற புதுக் கட்சி, ஜனநாயகக் கட்சியின் டாம் மாலினோவ்ஸ்கியைத் தங்கள் வேட்பாளராகவும் அறிவிக்கப் பார்த்தது. மாநிலம் ஏற்கவில்லை. வழக்குப் போட்டார்கள், 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடை செல்லும் என்றது. தனியாகவே வளரலாம் என்றால், மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் பதிவான மொத்த ஓட்டில் பத்து சதவீதம் வாங்கினால்தான் இங்கே ஒரு கட்சிக்கு முழு அங்கீகாரம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சி என்ற சொல்லே கிடையாது. இரண்டுதான் இருக்கவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு தொகுதிக்கு ஒரு ஆள், அதிக ஓட்டு வாங்கியவருக்கே எல்லாம் என்ற கணக்கு மற்றவர்களைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. 1992 ஜனாதிபதி தேர்தலில் மூன்றாவது ஆளாக நின்ற ராஸ் பெரோ ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஜனாதிபதி யார் என்று முடிவு செய்யும் எலக்டோரல் ஓட்டு ஒன்றுகூட இல்லை. 2000-ல் ஃப்ளோரிடாவில் புஷ்ஷுக்கும் கோருக்கும் வித்தியாசம் 537 ஓட்டு. மூன்றாவது ஆளான ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,000-க்கு மேல். "மூணாவது ஆளுக்குப் போட்டா வேஸ்ட்" என்று நண்பர்கள் சொல்லும்போது அவர்கள் மனதில் ஓடுவது இந்த எண்கள்தான். அவர்கள் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைப் போக்கும் வழி இருக்கிறது. மெயின் மாநிலத்தில் வாக்காளர்கள் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள். 2018-ல் அங்கே ஒரு காங்கிரஸ் தொகுதியில் முதல் சுற்றில் முந்தியவர் ப்ரூஸ் பொலிக்வின். யாருக்கும் பாதி ஓட்டு இல்லாததால் கடைசியில் இருந்தவர்களை நீக்கி, அவர்களுடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணியதில் ஜேரட் கோல்டன் ஜெயித்தார். சின்ன வேட்பாளர்களுக்குப் போட்டுவிட்டு, இந்த இருவரில் ஒருவரை அடுத்த விருப்பமாகக் குறித்தவர்களின் ஓட்டு அங்கே வீணாகவில்லை.

மெயின் மக்கள் இதைப் பொதுவாக்கெடுப்பு வைத்துக் கொண்டுவந்தார்கள். நியூ ஜெர்சியில் மாநில அளவில் அப்படிக் கையெழுத்து திரட்டிச் சட்டம் கொண்டுவர வழியில்லை. வழி இருந்த இடங்களிலும் 2024 நவம்பர் நல்லபடியாகப் போகவில்லை. ஓரிகன், ஐடஹோ, கொலராடோ, நெவாடா நாலிலும் இந்த மாதிரி மாற்றங்கள் தோற்றன. அலாஸ்கா ஏற்கெனவே கொண்டுவந்ததை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் காப்பாற்றிக்கொண்டது. அந்தச் செய்திகளைப் படித்த வாரம் எனக்கு மனசே விட்டுப்போனது.

ஆனால் அதே வருஷத்தில்தான் என் கண் முன்னால் ஒரு விஷயம் இடிந்து விழுந்தது.

அமெரிக்க செனட்டில் எங்கள் மாநிலத்தின் உறுப்பினராக இருந்த பாப் மெனெண்டஸ் மேல் 2023 செப்டம்பரில் ஊழல் வழக்குப் பதிவானது. அடுத்த நாளே ஆண்டி கிம் என்ற காங்கிரஸ் உறுப்பினர் அந்த இடத்துக்கு நிற்பதாக அறிவித்தார். நவம்பரில் அப்போதைய கவர்னரின் மனைவி டாமி மர்ஃபியும் போட்டிக்கு வந்தார். பெரிய கவுண்டிகளின் கட்சித் தலைவர்கள் வரிசையாக அவர் பக்கம் நின்றார்கள், லைன் அவருக்கு. 2024 பிப்ரவரியில் கிம் இந்த லைன் முறையையே எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே இந்தச் சட்டத்தை ஆதரித்து வாதாட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். மார்ச் கடைசியில் டாமி மர்ஃபி விலகினார். சில நாள் கழித்து, மார்ச் 29 அன்று, நீதிபதி ஜாஹித் குரைஷி அந்த ஜூனில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிக்கு லைன் கூடாது என்று தடை விதித்தார். ஒவ்வொரு பதவிக்கும் தனிக் கட்டம், அதற்குள் அந்தப் பதவிக்கு நிற்கும் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில். தீர்ப்பைக் கேட்டதும் நான் அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்து மறுபடி விரித்துப் பார்த்தேன். அந்த வெள்ளைக் கட்டங்களுக்கு ஒரு வருஷத்துக்குள் பதில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

2025-ல் சட்டமன்றமும் புதுச் சட்டம் போட, இரண்டு கட்சிக்கும் லைன் போனது. அந்த ஜூனில் கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் மட்டும் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பெயரும் ஒரே கட்டத்துக்குள். பிடித்தவரை நான் விரல் நகர்த்தித் தேட வேண்டியிருக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

2023-ல் தோற்ற பிறகு எங்கள் தெருப் பெண்மணி வீட்டில் சின்னதாக ஒரு கூட்டம். "இனி ஓட்டே போட மாட்டேன்" என்று நான் புலம்பினேன். அங்கே ஒரு முதியவர் இருந்தார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பல வருஷம் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தவர். அவர் சாம்பிள் பேலட்டின் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். கவுண்டி கமிட்டி. நான் ஒருமுறைகூடப் படிக்காத இடம். "உங்கள் வட்டாரத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்றுக்கு ஆளே நிற்கவில்லை, பாருங்கள்" என்றார். பார்த்தேன். காலி.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வட்டக் கிளைப் பிரதிநிதி மாதிரி. சில தெருக்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்கு இரண்டு பேர். சம்பளம் கிடையாது. ஆனால் கவுண்டி கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இவர்கள்தான். சட்டமன்ற உறுப்பினர் யாராவது நடுவில் ராஜினாமா செய்தால், அந்த இடத்துக்கு இடைக்கால ஆளை ஓட்டுப் போட்டு அனுப்புவதும் அந்தத் தொகுதியின் கமிட்டி உறுப்பினர்கள்தான். எங்களுக்கு லைன் கொடுக்காத தலைவர் எங்கிருந்து வந்தார் என்ற கேள்விக்குப் பதில் அந்தக் காலிக் கட்டத்தில் இருந்தது.

2024-ல் நின்றேன். கையெழுத்து வாங்க நாலு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தேன். என் வட்டாரத்துக்காரர்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டும், வேறு கட்சியில் பதிவானவர் போட்டால் செல்லாது. பதிவுப் பட்டியலைக் கவுண்டியில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது; முதல் நாள் நான் அப்படிப் போகவில்லை, வாங்கியதில் பாதி செல்லாது என்று அப்புறம்தான் தெரிந்தது. தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். பெயரைப் பதிவில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் இருக்கும், அங்கேதான் சிக்கல் வரும். கதவைத் திறந்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு பதவி இருப்பதே தெரியவில்லை. எல்லோரும் கடைசியில் கேட்டது தெரு மூலையில் தேங்கும் தண்ணீரைப் பற்றித்தான். எனக்கு விழுந்தது 61 ஓட்டு. அதுவே போதும்.

முதல் கூட்டம் பிரைமரி முடிந்த அடுத்த வாரம். மடக்கு நாற்காலிகள், ஒரு மைக், பின்னால் பீட்சா. தலைவர் தேர்வுக்குக் கையைத் தூக்கச் சொன்னார்கள். விதிமுறைகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்திருந்த நாலைந்து பேர் எழுந்து ரகசிய வாக்கெடுப்பு கேட்டோம். குரல் நடுங்கியது எனக்கு. கொஞ்ச நேரம் சத்தம், அப்புறம் சீட்டு கொடுத்தார்கள். பழைய தலைவரே ஜெயித்தார். ஆனால் யாருக்கு எத்தனை என்ற எண் பலகையில் எழுதப்பட்டது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு, வடிகால் விஷயமாக எங்கள் தெருப் பெண்மணி போன் செய்தால் எடுக்கிறார்கள்.

இதனால் இரண்டு கட்சி முறை ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. நவம்பரில் இப்போதும் இரண்டு பெயர்தான், இரண்டும் பிடிக்காத வருஷமும் வரும். அப்படிப்பட்ட வருஷத்தில் மூன்றாவது ஆளுக்குப் போடுவதில் தப்பே இல்லை என்பது என் எண்ணம், அதிலும் எங்கள் மாநிலத்தில். 1992 முதல் ஜனாதிபதி தேர்தலில் நியூ ஜெர்சி ஒரே பக்கம்தான் போயிருக்கிறது. பென்சில்வேனியாவில் இருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே பிரைமரி விதியும் வேறு. கட்சி சேராதவர்களுக்கு வேட்பாளர் தேர்வில் ஓட்டே கிடையாது, முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் கட்சி சேராதவர் பிரைமரி அன்று சாவடியிலேயே ஒரு கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர் மாறவேண்டும் என்றால் 55 நாள் முன்னால் படிவம் கொடுக்க வேண்டும். எந்த மாநிலத்துக்கு வீடு மாறினாலும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி என்று பார்க்கிறோமே, அந்த வாரமே இதையும் பார்த்துவிடுங்கள்.

என் மகளுக்கு வரும் அக்டோபரில் 18 வயது. நவம்பர் தேர்தலுக்குள் 18 நிறையும் பதினேழு வயதுக்காரர்கள் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம் என்று இங்கே சட்டம் வந்திருக்கிறது. 2026-தான் அதற்கு முதல் வருஷம். போன வாரம் பதிவுப் படிவத்தை அதே சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பினாள். கட்சிப் பெட்டி வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"அம்மா, இதுல நீ என்ன போட்ட?"

"அப்போ ஒண்ணும் போடலை. நீ இப்போ போடணும்னு இல்லை. ஜூன்ல அங்க போய்ச் சொல்லிக்கலாம்."

"ஜூன்ல யாரெல்லாம் நிக்கறாங்க?"

கவுன்சிலுக்கு நிற்பவர்களில் இரண்டு பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்களைத் தெரியவில்லை. அவள் லேப்டாப்பை எடுத்து வந்தாள். பெட்டியைக் காலியாக விட்டு, படிவத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு பெயராகத் தேட ஆரம்பித்தோம்.